விவிலியப் பெயர் விளக்கமும் எண் குறிப்பும்: யூத மரபும் தமிழ் வழக்கும்

பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்தறிவது தமிழிலக்கண மரபு. மரம் என்பது இடுகுறி. பறவை என்பது காரணம். காரணம் உள்ளதாயினும் அது கேட்டார்க்கு எளிதிற் புலப்படாது என்று தொல்காப்பியர் உரியியலில் எச்சரித்துச் சென்றார். யூத சமயத்து உரையாசிரியர்க்கோ, மறைநூலைப் பொறுத்தவரை, இப்பகுப்பே செல்லாது. அந்நூலில் வரும் ஆட்பெயர், ஊர்ப்பெயர், எண் ஆகிய எவையும் அவர்க்கு இடுகுறி அல்ல. எல்லாம் காரணம் பற்றியன. காரணம் வெளிப்படையாக இல்லையெனில், எழுத்தைப் பிரித்தேனும், எழுத்தின் எண்மதிப்பைக் கூட்டியேனும் அதனைக் காண்டல் வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. இக்கொள்கை எவ்வாறு இயங்கிற்று என்பதையும், அப்பெயர்கள் தமிழுக்கு வந்தபோது எவை நின்றன, எவை மறைந்தன என்பதையும் ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண், பெயர்விளக்கம் மறைநூலுக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றது என்பதை உளங்கொள்ளல் வேண்டும். தொடக்கநூலில் முதல் மனிதனாகிய ஆதாம், 'அதாமா' எனப்படும் நிலத்து மண்ணினின்று உருவாக்கப்படுகின்றான். அவன் மனைவி 'ஹவ்வா'. உயிர் வாழ்வோர்க்கெல்லாம் தாய் என்பது நூல் தரும் காரணம். யாக்கோபு பிறக்கும்போது தமையனது குதிகாலைப் பற்றியிருந்தான். குதிகால் எபிரேயத்தில் 'ஏக்கேவ்'. இவையெல்லாம் மூலத்தில் ஒலியாலேயே கேட்கப்படுவன. தமிழில் 'ஹவ்வா' ஏவாள் ஆயினாள். எபிரேயம் அறியாத தமிழர்க்கு 'ஏவுதல்' என்னும் வினை நினைவுக்கு வரக்கூடும். கனியை உண்ணுமாறு கணவனை ஏவியவள் எனக் கதையும் இயைந்து நிற்கும். ஆயினும் அது மயக்கமே. மூலத்தில் உயிரைச் சுட்டிய பெயர் தமிழ் ஒலியாற் பிறிதொன்றைச் சுட்டத் தலைப்படுகின்றது.

இவ்வாறு ஒலி கொண்டு காரணம் காண்பது நமக்குப் புதியதன்று. கொங்குநாட்டுத் திருப்பூருக்கு அவ்வட்டாரத்தார் கூறும் காரணம் யாவரும் அறிந்ததே. பாரதக் கதையில் கவரப்பட்ட ஆநிரைகளை அருச்சுனன் திருப்பிக் கொணர்ந்த இடமாதலின் 'திருப்பூர்' ஆயிற்று என்பர். அதன் அருகே சுந்தரர் பதிகம் பெற்ற அவிநாசிக்குத் திருப்புக்கொளியூர் என்பது பழம்பெயர். தேவர்கள் புக்கு ஒளிந்த ஊர் எனப் புராணிகர் விளக்குவர். விவிலியத்துப் பெயெர்செபா என்னும் ஊர்ப்பெயரும் இத்தகையதே. 'பெயெர்' என்பது கிணறு. 'செபா' என்பதற்கு ஏழு என்றும் பொருள் கொள்ளலாம்; ஆணை என்னும் சொல்லும் அவ்வேரினதே. தொடக்கநூல் 21-ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் ஏழு பெண்ணாட்டுக் குட்டிகளைத் தனியே நிறுத்துகின்றான், இருவரும் ஆணையிடுகின்றனர். ஊர்ப்பெயரில் இரண்டு காரணங்களும் ஒருங்கே ஒலிக்கின்றன. எது முதற்காரணம் என்று வரலாற்றாசிரியன் வினவுவான். மூலநூலாசிரியர்க்கு அவ்வினா எழவில்லை. இரண்டும் அவர்க்கு உடன்பாடே.

ஆகவே, இத்தகைய விளக்கங்களைச் சொற்பிறப்பியல் எனக் கொண்டு பிழை காண்பது முறையன்று. திருப்பூரின் பெயரை ஆராயும் மொழிநூலார் அருச்சுனன் கதையைச் சான்றாகக் கொள்ளார். எனினும் அக்கதை அவ்வூரார் தம் ஊரைப் பாரதத்தோடு பிணைத்துக்கொண்ட வரலாற்றுக்குச் சான்றாகும். யூதரின் பெயர்விளக்கத்தையும் அந்நோக்கிலேயே காணல் வேண்டும்.

இனி எண்ணுக்கு வருவாம். எபிரேய நெடுங்கணக்கில் 22 எழுத்துகள் உண்டு. அவை ஒவ்வொன்றுக்கும் எண்மதிப்பு உண்டு: முதல் ஒன்பது எழுத்துகள் 1 முதல் 9 வரை; அடுத்தவை 10 முதல் 90 வரை பத்துப் பத்தாக; எஞ்சிய நான்கும் 100 முதல் 400 வரை. இதனால் எபிரேயச் சொல் ஒவ்வொன்றும் ஓர் எண்ணாகவும் நிற்கின்றது. சொல்லின் எண்தொகையைக் கொண்டு பொருள் காணும் முறைக்குக் கெமாத்ரியா என்று பெயர். இப்பெயர் கிரேக்கத்தினின்று வந்தது. இரப்பி எலியேசரின் பெயரால் வழங்கும் 32 உரைவிதிகளுள் இதுவும் ஒன்றாக இடம் பெற்றுள்ளது.

தமிழிலும் எழுத்து எண்ணாக நிற்றல் உண்டு அன்றோ எனின், உண்டு. ஆனால் வேறுபாடு பெரிது. பழங்கணக்கில் ஒன்றுக்குக் ககரமும், இரண்டுக்கு உகரமும், எட்டுக்கு அகரமும், பத்துக்கு யகரமும் வடிவால் ஒத்து வழங்கின. இவ்வொப்புமையைக் கொண்டே திருமூலர் எட்டும் இரண்டும் என்னும் குறிப்பை அமைத்தார் என்பர் உரைகாரர். எட்டு அகரம், இரண்டு உகரம், இரண்டும் கூடிய பத்து யகரம். கணக்கறியாதவனைப் பழிப்பதுபோல நின்று, மந்திரம் அறியாதவனை அது பழிக்கின்றது. நயம் மிக்க இடம் இது. ஆயினும் தமிழெழுத்துகளுட் பெரும்பாலானவற்றுக்கு எண்மதிப்பு இல்லை. ஆதலின் தமிழ்ச்சொல் ஒன்றை முழுவதும் எண்ணாக மாற்றுதல் இயலாது. எழுத்தளவில் நின்ற குறிப்பு சொல்லளவில் விரிய இங்கே வழியில்லை. சித்தர் பாடல்களின் எண்குறிப்பைக் கண்டவுடன் யூத மறைஞானத்தின் செல்வாக்கு எனத் துணிவார் உளர். கருவியே வேறாயிருக்க, செல்வாக்கு எங்ஙனம் கூறுதல்?

கெமாத்ரியாவின் செய்கையை ஆபிரகாம் என்னும் பெயரிற் காணலாம். தொடக்கநூல் 17-ஆம் அதிகாரத்தில் 'ஆபிராம்' என்பவன் 'ஆபிரகாம்' எனப் பெயர் மாறுகின்றான். பல இனங்களுக்குத் தந்தை என்பது நூல் கூறும் காரணம். எபிரேயத்தில் 'ஹே' என்னும் ஓரெழுத்து மட்டுமே மிகுந்தது. ஆபிராம் என்னும் பெயரின் எழுத்துகளைக் கூட்டினால் 1, 2, 200, 40 என 243 ஆகும். 'ஹே'யின் மதிப்பு 5. எனவே ஆபிரகாம் 248. மனித உடலுறுப்புகள் 248 என்பது யூத மரபுக் கணக்கு. முன்னர்த் தன் உறுப்புகளுள் 243-ஐ மட்டும் ஆண்டவன், பின்னர்க் கண், செவி முதலிய எஞ்சிய ஐந்தையும் அடக்கி ஆளும் வன்மை பெற்றான் என்று தல்மூதின் நேதாரீம் பகுதி விளக்குகின்றது. புலனடக்கத்தை ஓரெழுத்தின் வரவில் வைத்துக் காட்டிய திறம் வியக்கத்தக்கது.

அவன் மனைவி பெயரும் அதே அதிகாரத்தில் மாறுகின்றது. 'சாராய்' என்பதன் ஈற்றெழுத்து 'யோத்'. அதன் மதிப்பு 10. அது நீங்கி 'ஹே' வந்து 'சாரா' ஆயிற்று. நீங்கிய பத்து எங்கே போயிற்று? ஐந்தாக இரண்டாகப் பிரிந்து, ஒன்று அவளுக்கும் ஒன்று கணவனுக்குமாயிற்று என்பது இரப்பியர் விடை. கணவன் பெற்ற எழுத்து மனைவியின் பெயரிலிருந்து வந்தது என்னும் இக்கருத்தைப் பெண்ணியம் பேசுவார் கவனித்தல் நன்று. பிறிதொரு கதையில் அந்த யோத் இறைவன் திருமுன் சென்று முறையிட, ஓசேயாவின் பெயர்முன் அது சேர்க்கப்பட்டு யோசுவா ஆயிற்று என்பர். எழுத்துக்கும் வழக்குண்டு, தீர்ப்பும் உண்டு.

தமிழில் இப்பெயர் புதியதொரு வடிவு கொண்டது. சீர்திருத்தச் சபையார் வழங்கும் மொழிபெயர்ப்பில் சாராய் 'சாராள்' ஆகின்றாள். ஏவாள், ரெபெக்காள் என்பவற்றிற் போலத் தமிழ்ப் பெண்பால் ஈறாகிய ளகர மெய் இங்கே வந்து சேர்ந்தது. மொழிபெயர்த்தோர் தமிழ் இயல்பு கருதிச் செய்தனரேயன்றி வேறு கருத்துடன் செய்திலர். ஆயினும் எபிரேயத்தில் அவள் பெற்ற 'ஹே' எழுத்தும் அம்மொழியின் பெண்பால் ஈற்றைக் குறிப்பதே. 'சார்' தலைவன், 'சாரா' தலைவி. எண்ணால் இரப்பியர் கண்ட பொருள் தமிழில் மறைந்தது. இலக்கணத்தால் மூலம் பெற்றிருந்த இயல்பு, எவரும் கருதாமலே, தமிழில் மீண்டும் தோன்றிற்று.

இத்தகைய கணக்குகள் யாவும் ஒரே தரத்தன அல்ல. தொடக்கநூல் 14-ஆம் அதிகாரத்தில் ஆபிராம் 318 பேருடன் சென்று பகைவரை வென்றான் என வருகின்றது. அவன் பணியாளனாகிய எலியேசரின் பெயரெழுத்துகளைக் கூட்டினால் சரியாக 318. ஆதலின் சென்றது படையன்று, எலியேசர் ஒருவனே என்று இரப்பியர் சிலர் உரைத்தனர். அதே எண்ணைத் தொடக்ககாலக் கிறித்தவ நூலாகிய பர்னபா திருமுகம் கிரேக்க எழுத்துகளாற் பிரித்து, 18-இல் இயேசுவின் பெயரையும் 300-இல் சிலுவையையும் கண்டது. ஓர் எண், இரு சமயம், இரு பொருள். 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இபின் எஸ்ரா என்னும் யூதப் பேரறிஞர் இவ்விடத்திற்கு உரை வரைகையில், மறைநூல் கெமாத்ரியாவாற் பேசுவதன்று என்றும், வேண்டுவோர் எப்பெயரையும் நன்மைக்கும் தீமைக்கும் திருப்பிக்கொள்ளலாம் என்றும் கண்டித்தார். அவர்க்கும் முன்னரே, பிர்க்கே அவோத் என்னும் அறநூல் இக்கணக்குகளை அறிவின் தொடுகறி என்னும் அளவில் நிறுத்திற்று. தொடுகறி சோறாகாது. கெமாத்ரியாவை நம்மவர் எடுத்து எழுதும்போது யூதருள்ளேயே எழுந்த இம்மறுப்பையும் உடன் எழுதுதல் கடன். பலர் எழுதுவதில்லை.

எனினும் 613 என்னும் எண்ணில் கணக்கு வெறும் தொடுகறியாக நிற்கவில்லை. மோசே பெற்ற கட்டளைகள் 613 என்றும், அவற்றுள் ஏவல் 248, விலக்கு 365 என்றும் இரப்பி சிம்லாய் வகுத்தார். முன்னது உடலுறுப்பின் தொகை. பின்னது ஆண்டின் நாட்டொகை. உடலெல்லாம் ஏவலுக்கு, நாளெல்லாம் விலக்குக்கு என்பது குறிப்பு. 'தோரா' என்னும் சொல்லின் மதிப்பு 611. எஞ்சிய இரண்டும் மக்கள் இறைவன் வாயிலாகவே நேரிற் கேட்டவை என்று தல்மூது ஈடுசெய்கின்றது. கணக்குத் தவறவில்லை, தவறவும் விடார்.

எண் குறித்த அச்சம் எழுத்துமுறையையும் தொட்டது. 15 என்பதனை எபிரேயத்தில் 10, 5 என யோத், ஹே இரண்டாலும் எழுதுவதே முறை. ஆனால் அவ்விரண்டும் சேர்ந்தால் இறைவன் திருப்பெயரின் சுருக்கமாகும். ஆதலின் அதனை விலக்கி, 9, 6 என எழுதுவர். 16-ஐயும் அவ்வாறே 9, 7 என எழுதுவர். இன்றும் யூதர் நாட்காட்டியில் இவ்வழக்கு உண்டு.

இதனோடு ஒப்பிட நம் நாட்டில் ஓர் ஊர் உண்டு. திருப்பூரை அடுத்த பின்னலாடைத் தொழிற்பகுதியாகிய வேலம்பாளையம் அரசு ஆவணங்களில் '15 வேலம்பாளையம்' என்றே வழங்கிற்று. நகராட்சியாக இருந்தபோதும் அவ்வெண் பெயரின் முன்னே நின்றது. 2011-இல் அது திருப்பூர் மாநகராட்சியுடன் இணைந்தது. பல்லடம் பக்கத்தில் '63 வேலம்பாளையம்' என மற்றுமோர் ஊரும் உளது. ஒரு பெயர் பெற்ற ஈரூர்களை எண் பிரித்துக் காட்டுகின்றது; அவ்வளவே அதன் தொழில். இருப்பினும் 63 எனக் கேட்ட சைவர் ஒருவர்க்கு நாயன்மார் நினைவு வாராதிருக்குமா? வரும். அந்நினைவை ஊர்ப்பெயரின் காரணம் என எழுதினால் பிழை. அந்நினைவு எழும் மனப்பாங்கே யூத உரையாசிரியரின் மனப்பாங்கு என உணர்ந்தால், கெமாத்ரியா விளங்கிவிடும். ஆனால் அவர்க்கு மறைநூலில் வரிசையெண் என ஒன்று இல்லை. 15-உம் 63-உம் அங்கே வாளா நில்லா.

எழுத்தைக் கூட்டிப் பெயரை எண்ணுக்கு இயைவித்தல் இந்திய நாட்டிலும் உண்டு. கருநாடக இசையின் 72 மேளகர்த்தா இராகங்களின் பெயர்களுள் முதலிரண்டு எழுத்துகளைக் கடபயாதி முறைப்படி எண்ணாக்கித் திருப்பி வைத்தால் மேளத்தின் வரிசையெண் கிடைக்கும். சங்கராபரணம் 29-ஆம் மேளம். அவ்வெண் கிடைத்தற்பொருட்டுத் 'தீர' என்னும் அடைமொழி முன்சேர்க்கப்பெற்றுத் தீரசங்கராபரணம் ஆயிற்று. தகரத்தின் நான்காம் வருக்கத்துக்கு 9, ரகரத்துக்கு 2. கல்யாணி அவ்வாறே 65-ஆம் எண்ணின்பொருட்டு மேசகல்யாணி ஆயிற்று. ஆபிராம் ஆபிரகாம் ஆனதை ஒத்தது போலத் தோன்றும் இது. ஆனால் இங்கே எண் முன்னது, பெயர் அதற்கு ஏற்பத் திருத்தப்பட்டது. அங்கே பெயர் முன்னது, எண் பின்னர்க் காணப்பட்டது. இவ்வேறுபாட்டைக் கைவிட்டால் ஒப்பீடு முழுவதும் வீணாம்.

இனித் தென்னாட்டு யூதரைப் பற்றிய நேர்ச்சான்று ஒன்றை நோக்குவாம். சேரவேந்தன் பாஸ்கர இரவிவர்மன் முயிரிக்கோட்டிலிருந்து யூதத் தலைவன் ஒருவனுக்கு அளித்த செப்பேடு வட்டெழுத்தில், மலைநாட்டு வழக்கில் அமைந்தது. அதன் காலம் ஏறத்தாழ கி.பி. 1000 என்பது இக்கால ஆய்வாளர் துணிபு. அவன் பெயர் அதில் 'இசுப்பு இரப்பான்'. அவனுக்கு அஞ்சுவண்ணமும் 72 விடுபேறும் வழங்கப்பட்டன.

72 என்னும் எண் யூத மறைஞானத்தில் மிகச் சிறப்புடையது. இறைவனுக்கு 72 பெயர்கள் உண்டு என்பர். 'ஹெசேத்' என்னும் அருளைக் குறிக்கும் சொல்லின் எண்மதிப்பும் 72. ஆகவே யூதர் தம் எண்ணையே சேரன் வழங்கினான் எனக் கூற மனம் விரையும். விரைதல் கூடாது. 849-ஆம் ஆண்டினதாகிய கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டிலும் 72 விடுபேறு வருகின்றது. அது கிறித்தவப் பள்ளிக்கு அளிக்கப்பெற்றது. யூதருக்கும் கிறித்தவருக்கும் ஒன்றாக வழங்கிய அவ்வெண் சேரநாட்டு ஆவண மரபுக்குரியதே அன்றி யூதருக்குரியதன்று. தரிசாப்பள்ளி ஏட்டின் சான்றாளர் கையொப்பங்களுள் எபிரேய எழுத்தில் அமைந்தனவும் உள்ளன. எபிரேய எழுத்து நம் கரையில் பொறிக்கப்பட்டமைக்குச் சான்று வேண்டுவார்க்கு அக்கையொப்பங்களே போதும். 72-ஐ இழுத்து வருதல் வேண்டா.

அஞ்சுவண்ணம் என்னும் சொல்லோ எதிர்மாறான பாடம் புகட்டுகின்றது. அதனை ஐந்து வண்ணம், ஐந்து குலம் எனப் பொருள் கொண்டோர் பலர். கூட்டம், அவை என்னும் பொருளுடைய 'அஞ்சுமன்' என்னும் பாரசீகச் சொல்லின் தமிழ்வடிவே அது, மேலைக்கடல் வணிகர் குழுவின் பெயர் என்பது பின்னர் அறிஞர் கொண்ட முடிபு. அயற்சொல் ஒன்று தமிழ்ச்செவியில் எண்ணாக மாறிற்று. சொல்லில் எண்ணைத் தேடிக் காண்பவர் யூதர் மட்டுமல்லர். சொற்பிறப்பியல் என்னும் அளவைக்கு நிற்பது வேறு. 'துக்கியீம்' என்று எபிரேய நூலில் வரும் மயிற்பெயரைக் கால்டுவெல் தமிழ்த் 'தோகை'யோடு இயைத்தது அத்தகையது. அங்கே ஒலியோடு வணிகமும் பொருளும் காலமும் இயைந்தன.

இசுப்பு என்னும் பெயர் நம்மை மொழிபெயர்ப்புக்குக் கொண்டு செல்கின்றது. அது எபிரேய 'யோசேப்' என்பதே. தொடக்கநூல் 30-ஆம் அதிகாரத்தில் தாய் இராகேல் மகனுக்கு இப்பெயரை இடுகையில், இறைவன் தன் பழியை நீக்கினான் என ஒருமுறையும், இன்னுமொரு மகனைக் கூட்டித் தருக என ஒருமுறையும் கூறுகின்றாள். நீக்குதல் 'ஆசப்', கூட்டுதல் 'யோசேப்'. கழித்தலும் கூட்டலும் ஒரு பெயரில் நிற்கின்றன. இவ்வொரு பெயர் தமிழில் எடுத்த வடிவங்கள் பலவாம். சேரநாட்டுச் செப்பேட்டில் இசுப்பு, கத்தோலிக்கர் வழக்கில் சூசை, சீர்திருத்தச் சபையார் நூலில் யோசேப்பு, முசுலிம்களிடையே யூசுப். இவையெல்லாம் ஒலிபெயர்ப்பு. 1726-இல் தேம்பாவணி இயற்றிய வீரமாமுனிவர் ஒருவரே ஒலியை விட்டுப் பொருளைப் பற்றினார். மரியன்னையின் கணவராகிய சூசையைத் தம் காப்பியத் தலைவனாக்கி, அவர்க்கு 'வளன்' என்று பெயரிட்டார். பெருக்கம் என்பதே யோசேப்பின் பொருள் என மேலைநாட்டு உரைமரபு கொண்டிருந்தது. அப்பெருக்கத்தை வளமாக்கி ஆண்பால் ஈறு கொடுத்தார் முனிவர். திருமுழுக்கு யோவானுக்கு அவர் இட்ட பெயர் 'கருணையன்'. எபிரேயத்தில் 'யோகனான்' என்பது இறைவன் அருளினான் எனப் பொருள்படும். மக்கள் வழக்கில் அப்பெயர் அருளப்பர் ஆயிற்று. பவுல் என்னும் இலத்தீன் பெயர் சிறியவன் எனப் பொருள்படுதலின் சின்னப்பர் ஆயிற்று.

1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் யோவான், பவுல் என ஒலிவடிவுகளையே கொண்டது. இரு சபையார்க்கும் பொதுவாக ஒரு நூல் வேண்டுமெனின் வேறு வழியில்லை. அருளப்பரும் சின்னப்பரும் இன்று ஊர்க்கோயில்களிலும் மக்கட்பெயர்களிலும் வாழ்கின்றனர். என் கருத்தில், காப்பியத்துக்கு வீரமாமுனிவர் வழியும், மறைநூலுக்கு ஒலிபெயர்ப்பும் தக்கன. பாட்டில் வரும் பெயர் அந்த இடத்திலேயே பொருள் தருதல் வேண்டும். மறைநூலில் பெயர் விளக்கம் பெயரை அடுத்தே வருதலின், பெயரையும் தமிழாக்கினால் விளக்கம் கூறியது கூறலாகும். ஒலியை மட்டும் நிறுத்தினால் விளக்கம் காரணமற்று நிற்கும். இவ்விடர்க்கு அடிக்குறிப்பே மருந்து.

ஈசாக்கு என்னும் பெயர் அதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 'யிட்சாக்' என்றால் நகைப்பான். முதுமையில் மகன் பிறப்பான் எனக் கேட்டுத் தந்தை நகைத்தான், தாயும் நகைத்தாள், பிறந்தபின் கேட்போர் எல்லாம் தன்னோடு நகைப்பர் என்றாள். மித்ராஷ் உரைகாரர் அதனோடு அமையாமல் நான்கு எழுத்தையும் எண்ணாக்கினர். யோத் பத்து; அது பத்துக் கட்டளை. சாதே தொண்ணூறு, அது பெற்றபோது சாராளின் அகவை. ஹேத் எட்டு, அது விருத்தசேதனம் செய்த நாள். கோப் நூறு, அது ஆபிரகாமின் அகவை. ஒரு குடும்பத்தின் வரலாறு முழுவதையும் நான்கு எழுத்துக்குள் அடக்கி வைத்தனர். ஈசாக்கு என்னும் தமிழ்ப்பெயரிலும் நான்கு எழுத்துகளே உள்ளன, அது தற்செயல்.